சோதனையில் சமரசம் கூடாது

2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்விஎஸ்-02 என்ற வழிகாட்டுச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. ராக்கெட் தன் பணியைச் செவ்வனே முடித்தது. ஆனால், செயற்கைக்கோளின் எஞ்சினுக்கு ஆக்சிகரணியைச் செலுத்த வேண்டிய வால்வு திறக்கவில்லை. உரிய சுற்றுப்பாதையை அது அடைய முடியவில்லை. 2013இல் ஏவப்பட்ட ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளிலோ, இறக்குமதி செய்யப்பட்ட மூன்று அணுக் கடிகாரங்களுமே செயலிழந்தன. இவை இடம்பெறும் நாவிக் அமைப்பை நம்பிக் கடலுக்குச் செல்லும் மீனவர்களும் உண்டு.

சாலையில் பழுதாகும் பேருந்தைப் பணிமனைக்கு இழுத்து வரலாம். விண்ணுக்குச் சென்ற செயற்கைக்கோளில் ஒரு வால்வைக்கூடக் கழற்றி மாட்ட இயலாது. எனவே அதன் நம்பகத்தன்மை தரையிலேயே, உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் உறுதிசெய்யப்பட வேண்டும். முதலில் உதிரிபாகங்கள், பின்னர் மின்சுற்று அட்டைகள், துணை அமைப்புகள், இறுதியாக முழுச் செயற்கைக்கோள் எனச் சோதனை படிப்படியாக நடைபெறுகிறது. ஏவுதலின் அதிர்வையும் பேரொலியையும் அது தாங்குகிறதா என்று பார்க்கப்படுகிறது; வெற்றிட அறையில் கடும் வெப்பத்துக்கும் கடுங்குளிருக்கும் மாறிமாறி உட்படுத்தப்படுகிறது. தொடக்கத்தில் தெரியும் குறை ஓர் உதிரிபாகத்தோடு முடியும். விண்ணில் தெரியும் குறையோ மக்கள் பணம் முழுவதையும் விழுங்கிவிடும்.

சோதனைக்குக் காலமும் பணமும் தேவை; அதனால் கண்ணுக்குத் தெரியும் உற்பத்தி எதுவும் கூடுவதில்லை. லாபக் கணக்கில் முதலில் வெட்டப்படுவது இதுவாகவே இருக்கும். செயற்கைக்கோள் உற்பத்தியில் 74 சதவீதம் வரை அந்நிய நேரடி முதலீட்டை, அரசின் முன் அனுமதியின்றியே ஒன்றிய அரசு 2024இல் திறந்துவிட்டது. இந்நிலையில், தயாரிப்பவரே தன் தயாரிப்புக்குச் சான்றளித்துக்கொள்ளும் நிலை உருவாகிவிடக் கூடாது.

மேற்கூறிய தோல்விகள் பொதுத்துறையில் நிகழ்ந்தவையே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். 1975இல் சோவியத் ராக்கெட்டில் ஏவப்பட்ட ஆர்யபட்டாவின் அறிவியல் ஆய்வுகளும் மின்வழங்கல் கோளாறால் சில நாட்களிலேயே நின்றுபோயின. ஆனால் அந்த அனுபவம் வணிக ரகசியமாகப் பூட்டிவைக்கப்படவில்லை. அடுத்தடுத்த செயற்கைக்கோள்களைக் கட்டியவர்களின் பொது அறிவாயிற்று. தோல்விக்கான மருந்து தனியார்மயம் அல்ல. இன்னும் கறாரான சோதனையும் இன்னும் கூடுதலான வெளிப்படைத்தன்மையுமே.

ஆகவே, சோதனைப் பிரிவு உற்பத்தியாளருக்குக் கட்டுப்படாத பொது அமைப்பாக இயங்க வேண்டும். குறை கண்ட பொறியாளருக்கும் தொழிலாளிக்கும் பணியை நிறுத்தும் அதிகாரமும், அதை அச்சமின்றிப் பயன்படுத்தப் பணிப் பாதுகாப்பும் வேண்டும். தோல்விகள் குறித்த ஆய்வறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஏவும் தேதியை அரசியல் விளம்பரம் தீர்மானிக்கக் கூடாது. சோதனையின் முடிவே தீர்மானிக்க வேண்டும்.