கால் பங்கு போதுமா?

சமச்சீர் என்றதும் நம் நினைவுக்கு வருவன வாசற்கோலமும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுமே. தாளை மடித்துச் சமச்சீர்க் கோட்டை வரைந்துவிட்டால் பாடம் முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் ஒரு பொருளின் வலிமையைக் கணிப்பொறியில் அளந்தறிய முயலும் பொறியியலார்க்கு அம்மடிப்பு பெருந்துணையாகும்.

காற்றாலை இறக்கைக்குரிய பலகையைப் பாருங்கள். உறுதியான கண்ணாடி இழைகளை மென்மையான பிசினில் வரிசையாகப் பதித்து அதைச் செய்கின்றனர். கணிப்பொறி அந்நுண்ணமைப்பைச் சிறுசிறு துண்டுகளாக்கிச் சமன்பாடுகள் எழுதுகிறது. இழைகள் சதுர ஒழுங்கில் நிற்பதாகக் கொண்டால், ஓர் இழையும் அதைச் சூழ்ந்த பிசினும் அடங்கிய ஒரே கட்டம் போதும். பலகையை நேராக இழுக்கும்போது, அக்கட்டத்திலும் கால் பங்கு போதும்! காண வேண்டிய மதிப்புகள் நான்கில் ஒன்றாகும். நாம் வகுப்பில் செய்யும் நீக்கல் முறையிலேயே தீர்த்தால், உழைப்பு ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகக் குறையும். கணிப்பொறியே இல்லாத 1892-இல், ஒழுங்காகத் தடைகள் அடுக்கிய ஊடகத்தின் கடத்துதிறனை ஆராய்ந்த ராலே பிரபுவுக்கும் சமச்சீரே கைகொடுத்தது.

இதனைச் சோம்பேறியின் குறுக்குவழி என்பாரும் உண்டு. நாம் அதை ஒப்பவில்லை. சமச்சீர்க் கோட்டின் மேலுள்ள புள்ளி இடப்புறம் நகர்ந்தால், அதே காரணத்தால் வலப்புறமும் நகர வேண்டும். ஆகவே அது பக்கவாட்டில் நகராது. இஃது ஊகமன்று, நிரூபணம்.

ஆயினும் வடிவம் மட்டும் சமச்சீராயிருந்தால் போதாது. விசையும் அவ்வாறே அமைய வேண்டும். இரண்டும் அமைந்தும் ஏமாறுவதுண்டு. மெலிந்த தூணின் உச்சியில் சரியாக நடுவே பாரம் வைத்தாலும், பாரம் மிகும்போது அது ஒரு பக்கமாக வளையும். நெடுக்காகப் பிளந்த பாதித் தூணை மட்டும் கணக்கிட்டவருக்கு அவ்வளைவு கண்ணில் படவே படாது.

கான்கிரீட்டின் கதை இன்னும் கடினம். அதில் ஜல்லிகள் விழுந்த இடத்தில் கிடக்கின்றன. அதன் கால் பங்கைக் கணக்கிட்டு மடித்து விரித்தால், கல்லுக்குக் கல் கண்ணாடி பார்ப்பதுபோல் நிற்கும் ஒரு கான்கிரீட் கிடைக்கும். எந்தக் கொத்தனாரும் அப்படி ஒன்றைக் கலந்ததில்லை! விரிசலோ நலிந்த ஓரிடத்தில்தான் தொடங்கும். அத்தளத்தின் கீழ் மக்கள் குடியிருப்பார்கள் அல்லவா?

எனவே வகுப்பிலும் சமச்சீர்க் கோட்டை வரையச் சொல்வதோடு நில்லாமல், "இங்கே ஏன் மடிக்கலாகாது?" என்றும் கேட்க வேண்டுமென்பது நம் கருத்து. அவ்வினாவுக்கு இரண்டு மதிப்பெண் போதாது; ஐந்தாவது தர வேண்டும்.