விழுந்த பல்லை விட்டுட்டு வராதீங்க!

சாரல் சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் நிற்க இடம் இருக்காது. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கே போனாலும் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். காலுக்குக் கீழே பாசி படிந்த பாறை, பின்னால் இருந்து தள்ளுகிற ஆட்கள், நடுவில் துள்ளிக் குதிக்கிற பிள்ளைகள். வழுக்கி முகம் குப்புற விழுந்தால் முதலில் அடி வாங்குவது மேல்வரிசை முன்பல்தான்.

பிறகு நடக்கிற உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“டாக்டர், பையன் அருவியில வழுக்கி விழுந்துட்டான். முன்பல்லு ஒண்ணு அப்படியே போச்சு.”

“பல்லு எங்கம்மா?”

“அது எதுக்கு டாக்டர்? அங்கேயே எங்கயோ கிடக்கும். ரத்தத்தைப் பாத்த பயத்துல அள்ளிப்போட்டு ஓடியாந்துட்டோம்.”

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் வாயில் ரத்தத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் கை கால் ஓடும்? ஆனால் விழுந்த பல்லைத் திரும்ப அதே குழியில் வைக்கலாம், அது மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதற்கு நேரக் கணக்கு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்த் திசு ஒன்று இருக்கிறது. பல்லைத் தாடை எலும்போடு கட்டி வைத்திருப்பது அதுதான். பல் முழுசாகக் கழன்று விழும்போது இந்த நார் அறுந்து, ஒரு பாதி வேரிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதில் இருக்கிற செல்கள் உயிரோடு இருக்கும்வரைதான் பல்லுக்கு வாழ்வு. காற்றில் காயக் காய அவை செத்துக்கொண்டே வரும். ஒரு மணி நேரம் காய்ந்தே கிடந்தால் அநேகமாக எல்லாம் போய்விடும். முதல் சில நிமிடங்களிலேயே குழிக்குள் வைத்துவிட்டால் பலன் மிக நன்றாக இருக்கும்.

ஆகவே முதலில் பல்லைத் தேடுங்கள். கிடைத்ததும் வெள்ளையாக வெளியே தெரிகிற பக்கத்தைப் பிடித்து எடுங்கள். வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருக்கிறதே என்று துண்டால் துடைப்பதோ, சோப்புப் போட்டுத் தேய்ப்பதோ கூடவே கூடாது. நாம் காப்பாற்ற நினைக்கிற செல்களை நாமே வழித்து எறிந்த மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் பால் இருந்தால் அதில் மெதுவாக அலசிவிட்டு, பக்கத்துப் பல்லின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் இதன் முகமும் பார்க்கும்படி குழிக்குள் மெல்ல அழுத்தி வையுங்கள். மேலே சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியே கிளம்பி வாருங்கள்.

“ஐயோ, எனக்கு அவ்வளவு தைரியம் இல்லையே” என்கிறீர்களா? பரவாயில்லை, பல்லைப் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். குற்றாலத்தில் டீக்கடைக்கா பஞ்சம்? கொதிக்கிற பால் வேண்டாம். “அண்ணாச்சி, காய்ச்சாத பால் கொஞ்சம் கொடுங்க” என்று கேட்டு ஒரு டம்ளரில் வாங்கிக்கொள்ளுங்கள், போதும். டிஷ்யூவில் சுற்றி சட்டைப்பையில் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். தண்ணீரும் நல்லதல்ல, அந்தச் செல்கள் தண்ணீரில் ஊதி வெடித்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும், காய விடுவதற்குத் தண்ணீர் மேல்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். “இளநீர்ல போடலாமா?” நியாயமான கேள்விதான். சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2008-இல் கட்டுரையே வெளியிட்டார்கள். அவர்களுடைய சோதனையில் செல்களை உயிரோடு வைத்திருப்பதில் இளநீர் பாலையும் முந்தியது. ஆனால் பிறகு மற்றவர்கள் செய்த சில ஆய்வுகளில் அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. இளநீருக்குக் கொஞ்சம் அமிலத் தன்மை உண்டு, அது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் பால் கிடைக்கிற ஊரில் பாலே முதல் சாய்ஸ். இளநீரைப் பையன் குடிக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அது கேடு. ஏழு, எட்டு வயதுக்கு மேல் என்றால் மேல் முன்பல் அநேகமாக நிரந்தரப் பல்தான், சந்தேகம் இருந்தால் பாலில் போட்டு எடுத்து வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். இன்னொன்று, விழுந்தவர் மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லைப் பற்றிய பேச்சே அப்புறம்தான். நேராக மருத்துவமனை.

குற்றாலத்திலிருந்து தென்காசி சுமார் 5 கிலோமீட்டர். சாதாரண நாளில் பத்துப் பதினைந்து நிமிடம். சீசன் ஞாயிற்றுக்கிழமை என்றால் எவ்வளவு ஆகும் என்று அந்த வாகன வரிசையில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த டம்ளர் பாலை இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். லாட்ஜுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

கிளினிக்கில் என்ன செய்வோம்? பல்லைக் குழியில் சரியாக உட்காரவைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இணைத்து ஒட்டுவோம். அது இரண்டு வாரம் இருக்கும். வேர் முழுசாக வளர்ந்த பல் என்றால் அதற்குள் ரூட் கெனால் ஆரம்பித்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வேர் நுனி இன்னும் மூடாமல் இருந்தால், உள்ளே ரத்த ஓட்டம் தானாகவே திரும்பவும் வாய்ப்பு உண்டு, அதனால் காத்திருந்து பார்ப்போம். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சில வருடங்களுக்கு அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்வோம். “பல்லு நல்லாத்தானே இருக்கு” என்று பலர் வருவதில்லை. வாருங்கள், வேர் உள்ளுக்குள்ளேயே கரைய ஆரம்பித்தால் வெளியே தெரியாது.

பல் முழுசாக விழாமல் உடைந்தது என்றால் சமாளிப்பது எளிது. உடைந்த துண்டையும் தேடி எடுத்து ஈரமாக வைத்துக் கொண்டு வாருங்கள். துண்டு சரியாகப் பொருந்தினால் அதையே ஒட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் பல் நிறத்திலேயே காம்போசிட் வைத்து வடிவம் கொடுக்கலாம். உடைந்த இடத்தில் சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் நரம்பு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சரி, பல் தொலைந்தே போய்விட்டது. இனி? பெரியவர்கள் என்றால் வழிகள் உண்டு. 11 வயதுப் பையன் என்றால்தான் சிக்கல். “காசு ஆனாலும் பரவாயில்ல டாக்டர், இம்ப்ளான்ட் வெச்சிருங்க” என்பார்கள். வைக்க முடியாது. இம்ப்ளான்ட் எலும்போடு இறுகிப்போகிற டைட்டானியம் திருகு. பையனின் தாடை வளர வளர மற்ற பற்கள் கீழே இறங்கி வரும், இது மட்டும் அசையாமல் அதே இடத்தில் நின்று, உள்ளே புதைந்த மாதிரி தெரியும். அதனால் வளர்ச்சி முடியும்வரை, அதாவது 18 வயதைத் தாண்டும்வரையாவது காத்திருக்க வேண்டும். அதுவரை கழற்றி மாட்டும் பல், அல்லது பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டி நிறுத்தும் பல். பள்ளிக்கூட ஃபோட்டோ, ஆண்டு விழா, கிண்டல் செய்கிற நண்பர்கள் எல்லாவற்றையும் அந்தத் தற்காலிகப் பல்லோடு அவன் கடக்க வேண்டும். போதாக்குறைக்கு, பல் இல்லாத இடத்தில் எலும்பும் கரைந்துகொண்டே வரும். ஒரு மணி நேரம் தாண்டி வந்த பல்லைக்கூட நாங்கள் பல நேரம் திரும்ப வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அது நிரந்தரமாக நிற்காமல் போகலாம். ஆனால் சில வருடங்கள் இடத்தையும் எலும்பையும் காத்துக் கொடுக்கும்.

டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்பதே தற்செயலாகத் தெரிய வந்த விஷயம். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானமார்க் 1950-களில் முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்போடு ஒன்றாகிவிட்டிருந்தது. 1965-இல் முதல் மனிதருக்கு அதே முறையில் பல் பொருத்தினார்.

பெரியவர்களுக்கு இம்ப்ளான்ட்தான் ஒரே வழி என்றும் இல்லை. பிரிட்ஜ் சீக்கிரம் முடியும், ஆனால் இரண்டு பக்கமும் இருக்கிற பற்களைச் செதுக்க வேண்டும். அந்தப் பற்களில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங் இருந்தால் பிரிட்ஜ் போடலாம். அவை கொஞ்சமும் கெடாத பற்கள் என்றால் எனக்குச் செதுக்க மனசு வராது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் விடாமல் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் இம்ப்ளான்ட்டுக்கு அவசரப்பட வேண்டாம், எலும்பு சரியாகப் பிடிக்காமல் போகும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். “கம்பி கட்டி அரை மணி நேரத்தில் நிரந்தரப் பல்” என்று சொல்பவர்களிடம் யாருமே போகாதீர்கள். அது பக்கத்துப் பற்களோடு பிளாஸ்டிக் மாவைக் குழைத்து ஒட்டுகிற வேலை. அடியில் சாப்பாடு தங்கி, ஈறு வீங்கி, கடைசியில் நல்ல பற்களும் ஆடிப்போகும்.

கடைசியாக, பல்செட் போட்டிருக்கும் தாத்தா, ஆச்சிகளுக்கு. அருவி தலையில் விழும்போது யாரும் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. சந்தோஷத்தில் கத்தினால் செட் நழுவித் தண்ணீரோடு போய்விடும், அந்த வேகத்தில் தேடவும் முடியாது. சின்னச் செட் என்றால் இன்னொரு ஆபத்து, தொண்டைக்குள்ளேயே போகலாம். குளிக்கப் போகுமுன் கழற்றி, இறுக்கமாக மூடுகிற டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் போட்டு, கரையில் நிற்கிற பேத்தி கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். சாப்பிடப் போகும் இடத்தில் கழற்றினாலும் அதே டப்பாதான். டிஷ்யூவில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தால், மேஜை துடைக்கிற தம்பிக்கு அது குப்பை.