விலைக்கு வரும் விருதுகளும் நம் எழுத்தாளர்களும்

 

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாவில் அமர்ந்திருந்தபோது கைபேசியில் ஓர் அழைப்பு வந்தது. இணையத்தில் எழுதுவோருக்காக ஒரு மாநாடு நடைபெறவிருப்பதாகவும், அதில் எனக்குச் சிறந்த சமுதாய எழுத்தாளர் விருது வழங்க நடுவர் குழு முடிவு செய்திருப்பதாகவும் பேசியவர் கூறினார். "என்னுடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கியவர், "எல்லாமே படித்திருக்கிறோம் ஹஜ்ரத்" என்றார். அடுத்து, கேடயம், பொன்னாடை, சான்றிதழ், மதிய உணவு ஆகியவற்றுக்கான பதிவுக் கட்டணம் 7,500 ரூபாய் என்றார். ஸலாம் கூறி முடித்துக்கொண்டேன்.

இதைச் சிரித்து மறந்திருப்பேன். ஆனால் அதே வாரத்தில், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பணியாற்றுபவர். அவர் வீட்டுக் கூடத்தில் பளபளக்கும் கேடயம் ஒன்று இருந்தது. மகன் பெற்ற விருது என்று அவருடைய உம்மா வந்தவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார். எனக்கும் காட்டி, துஆச் செய்யச் சொன்னார். வாசல்வரை வழியனுப்ப வந்த மாணவர் தாழ்ந்த குரலில், "உஸ்தாத், அதற்கு நான் பணம் கட்டினேன். உம்மாவிடம் சொல்லவில்லை" என்றார். அவருடைய இசைவுடனேயே இதனை எழுதுகிறேன்.

பணம் கொடுத்துப் பெற்ற பொருளை, திறமைக்குக் கிடைத்த பரிசென்று தாயை நம்பவைப்பதற்கு மார்க்கத்தில் என்ன பெயர்? செய்யாத செயலுக்காகப் புகழப்படுவதை விரும்புவோரைக் குறித்துத் திருக்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயம், 188ஆம் வசனம், கடுமையாக எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை நம் வீட்டுக் கூடம்வரை வந்துவிட்டது என்பதே என் கவலை.

எழுதுவோர் ஒன்றுகூடுவது தவறன்று. 2004ஆம் ஆண்டில் தமிழ்மணம் திரட்டி தோன்றியபின் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. முகம் காணாமல் எழுதிவந்தவர்கள் 2012 ஆகஸ்டில் சென்னையிலும், 2014 அக்டோபரில் மதுரையிலும், 2015 அக்டோபரில் புதுக்கோட்டையிலும் கூடிப் பேசினர். எவரும் கூலி கொடுத்து அவர்களை எழுதச் சொல்லவில்லை. அத்தகைய கூட்டங்களில் ஒருவரையொருவர் அறிந்து மகிழ்ந்ததில் குறை காண ஒன்றுமில்லை.

நம் சமுதாயத்துக்கோ இதைவிட மூத்த முன்மாதிரி உண்டு. இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு 1973இல் திருச்சியில் கூடியது. 1978இல் நம் காயல்பட்டினத்திலேயே கூடியது. அறிஞர்கள் ஆய்வுக் கட்டுரைகளோடு வந்தனர். மறைந்து கிடந்த நம் காப்பியங்களும் கிஸ்ஸாக்களும் நாமாக்களும் மீண்டும் பேசப்பட்டன. அந்தக் காலகட்டத்தின் உழைப்பினால்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கென ஓர் இருக்கை ஏற்பட்டு, இலங்கைப் பேரறிஞர் ம.மு. உவைஸ் அதில் அமர்ந்தார். அவரும் பீ.மு. அஜ்மல்கானும் சேர்ந்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு பல தொகுதிகளாக இன்றும் நம் கையில் இருக்கிறது. ஒரு மாநாட்டை அளக்கும் கோல் இதுதான்: பந்தலைப் பிரித்தபின் என்ன எஞ்சியது?

புகழ்வதையும் பரிசளிப்பதையும் மார்க்கம் முற்றாகத் தடுக்கவுமில்லை. கவிஞர் கஅப் இப்னு ஸுஹைருக்கு நபி (ஸல்) அவர்கள் தம் போர்வையை அளித்த நிகழ்வை விருது விழாக்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்தப் போர்வைச் செய்திக்குத் தமக்கு மனநிறைவு தரும் அறிவிப்பாளர் தொடர் கிடைக்கவில்லை என்று இமாம் இப்னு கஸீர் குறிப்பிட்டுள்ளார். எனவே அதனை விடுத்து வேறொன்றைச் சொல்கிறேன். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிதையால் மார்க்கத்துக்காக வாதாடுவதற்கென்று மஸ்ஜிதில் மேடை அமைக்கப்பட்டதை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். அந்த மேடை, அவர் செய்யவேண்டிய பணிக்காக இடப்பட்டது. இன்றைய மேடைகளில் பெரும்பாலானவை பணியே இல்லாமல் புகழுக்காக மட்டும் இடப்படுகின்றன.

இனி என் குற்றத்தைச் சொல்லாமல் பிறரைக் கண்டித்தால் அது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், கல்வியின் சிறப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சீனா வரை சென்றேனும் கல்வியைத் தேடவேண்டும் என்று பரவலாகச் சொல்லப்படும் செய்தியை நபிமொழியென்று அதில் எடுத்தாண்டிருந்தேன். கட்டுரை பல நூறு பேரால் பகிரப்பட்டது. ஒரு விழாவில் அதற்காகவே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வாரம் கழித்து, பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து, "இது எந்தக் கிதாபில் வருகிறது உஸ்தாத்?" என்று கேட்டாள். தேடினேன். இமாம் இப்னுல் ஜவ்ஸீ, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளுக்கென்றே தொகுத்த நூலில் அது இடம்பெற்றிருந்தது. நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக உறுதியாகாத ஒன்றை அவர்கள் பெயரால் எழுதி, அதற்காகத் தோளில் பொன்னாடையும் ஏற்றிருக்கிறேன்! திருத்தம் எழுதி வெளியிட்டேன். அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்திருத்தத்துக்கு எவரும் பொன்னாடை போர்த்தவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

அந்த விழாவின் அமைப்பாளர்கள் நல்லவர்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. ஆயினும் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று பார்த்தார்களே தவிர, எழுதியது உண்மையா என்று பார்க்கவில்லை. எனவே நோய் கட்டணத்தில் மட்டும் இல்லை. வாக்குகளையும் விருப்பக்குறிகளையும் எண்ணி விருது கொடுக்கும்போது, மிகுந்த சத்தமிடுபவன் வெல்கிறான். ஆதாரம் தேடி ஒரு வாரம் தாமதித்தவன் தோற்கிறான். இதைப் பார்த்து வளரும் இளைஞர் எதனைக் கற்பார்?

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை மூத்தவர்கள் இன்னும் நினைவுகூர்கிறார்கள். தூத்துக்குடியில் அது 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. குளிப்பை அறிவிக்குமுன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, அதில் கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். பின்னர் வணிகர்கள் முத்துக்களைச் சல்லடையில் சலித்து, அளவும் உருவமும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். சிப்பிக் குவியலின் உயரத்தைப் பார்த்து எவரும் விலை சொன்னதில்லை. உலக வணிகத்தில் நம் முன்னோர் காட்டிய அந்தக் கவனத்தை மார்க்கத்தைப் பற்றிய எழுத்தில் நாம் காட்டவேண்டாமா?

"பிற சமுதாயத்தார் தம் எழுத்தாளர்களைக் கொண்டாடுகிறார்கள், நம்மவர்களுக்கு ஊக்கம் வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மக்கள் தொடர்புத் துறையில் இருப்போருக்கு 1958 முதல் அகில இந்திய அளவில் தனிச் சங்கம் உண்டு. மாநாடுகளும் விருதுகளும் உண்டு. ஒரு நிறுவனத்தின் நற்பெயரை வளர்ப்பது அவர்களுடைய தொழில். அத்தொழிலை நேர்மையாகச் செய்பவரைச் சக தொழிலாளர் பாராட்டினால் அதில் தவறில்லை. அத்துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் தகுதியால் விருது பெற்றால் நாமும் மகிழ்வோம். மார்க்கத்தை எழுதுபவனோ தன் பெயரை வளர்க்க எழுதக்கூடாதவன். ஒருவர் அல்லாஹ்வுக்காகச் செய்த நற்செயலை மக்கள் தாமாகவே புகழ்ந்தால், அது அவருக்கு முன்கூட்டிய நற்செய்தி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிமில் உள்ளது. தாமாக வரும் புகழ் வேறு. விண்ணப்பம் எழுதி, கட்டணம் செலுத்தி, வாக்குக் கேட்டு வாங்கும் புகழ் வேறு.

மறுமையில் முதலில் தீர்ப்பளிக்கப்படும் மூவரைப் பற்றிய ஹதீஸ் முஸ்லிமில் வருகிறது. போரில் உயிர் நீத்தவர், கல்வியைக் கற்றுக் கற்பித்துக் குர்ஆன் ஓதியவர், செல்வத்தை வாரி வழங்கியவர் ஆகிய மூவரும் நரகில் எறியப்படுவார்கள். பிறர் புகழவேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். அந்தப் புகழ் உலகிலேயே கொடுத்து முடிக்கப்பட்டுவிட்டது. கற்பிப்பவன் என்ற முறையில் இரண்டாமவரின் நிலையை நினைக்கும்போதெல்லாம் என் கை நடுங்குகிறது.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்கு இட்ட கட்டளை. ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸுக்காக ஒரு மாத காலம் பயணம் செய்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். நமக்கோ ஒரு நூலைப் புரட்டவும் பொறுமை இல்லை. விழா மண்டபத்துக்குப் பயணம் செய்ய மட்டும் நேரம் இருக்கிறது.

ஆகவே ஜமாஅத்துகளுக்கும் மன்றங்களுக்கும் சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன். பெறுபவரிடம் பணம் வாங்கும் எந்த விருது விழாவுக்கும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இடம் கொடுக்காதீர்கள். விருது கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கட்டுரையின் ஆதாரங்களை இரண்டு ஆலிம்களிடம் கொடுத்துச் சரிபார்த்தபின் கொடுங்கள். தன் தவற்றை வெளிப்படையாகத் திருத்திக்கொண்டவரை மேடையேற்றுங்கள். பிழை பார்ப்பவரும் மொழிபெயர்ப்பவரும் பழைய அரபுத்தமிழ் ஏடுகளைப் படியெடுப்பவரும் பெயரில்லாமல் உழைக்கிறார்கள். பொன்னாடைக்குச் செலவாகும் பணத்தை அவர்களுக்குக் கொடுங்கள். மாநாடு கூட்டினால் பாதி நாளையாவது, ஒரு செய்தியின் மூலத்தைத் தேடும் முறையை இளைஞர்களுக்குக் கற்பிக்க ஒதுக்குங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கேடயத்துடன் வீடு திரும்பினால் மகிழுங்கள். அத்தோடு, "இதை எதற்காகக் கொடுத்தார்கள் வாப்பா? யார் படித்துப் பார்த்துக் கொடுத்தார்கள்?" என்று அன்போடு கேளுங்கள். என் மாணவர் சென்ற வெள்ளிக்கிழமை தம் உம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். உம்மா சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு, "நீ சொன்னதே எனக்குப் போதும்" என்று கூறி, அந்தக் கேடயத்தைத் தாமே எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம்.

நம் எழுத்தை அல்லாஹ் தன் திருப்திக்காக மட்டும் ஆக்கியருள்வானாக! அறியாமல் நாம் எழுதிய பிழைகளை மன்னித்து, அவற்றைத் திருத்தும் துணிவையும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.