பிரிந்திருக்கவும் சட்டத்தில் இடமுண்டு

ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் முற்றிவிட்டால், பெண் தாய்வீடு வந்து சேருவதும், சில மாதங்களில் இரு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, ‘இனி ஒருவர்மேல் ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதும் இன்றும் நடக்கிற காரியங்களே. அவ்வாறு விவாகத்தை முறித்துக்கொள்ளும் வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு உண்டென்று நிரூபிக்க முடிந்தாலன்றி, அந்தத் தாள் சட்டத்தின் முன் செல்லாது. ஆயினும் அதை நம்பி மறுமணம் செய்து வழக்கில் சிக்குகிறவர்களும், ஜீவனாம்சம் கேட்கும் உரிமையே போய்விட்டதென்றெண்ணிக் கூலிவேலையில் பிள்ளைகளைக் காப்பாற்றும் பெண்களும் உண்டு.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விவாக பந்தத்தை அறுக்காமலே நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் பிரிந்து வாழ வழி செய்திருக்கிறது. தீர்ப்புக்குப்பின் சேர்ந்து வாழவேண்டிய கடமை இல்லை; ஜீவனாம்சமும் பிள்ளைகளின் பராமரிப்பும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம்; மறுமணம் மட்டும் கூடாது. மனம் மாறினால் தீர்ப்பை ரத்து செய்யக் கோரலாம்; ஓராண்டு கழிந்தும் கூடி வாழவில்லையெனில் இருவரில் எவரும் விவாகரத்துக் கேட்கலாம். கோபத்தின் உச்சத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஓராண்டு அவகாசத்தைப்போல் உபகாரமானது வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். தகுந்த காரணமிருந்தால், இத்தகைய தீர்ப்புகூட இல்லாமலே மனைவி தனித்திருந்து ஜீவனாம்சம் பெற 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் இடம் தருகிறது. வழக்குச் செலவுக்கு அஞ்சவேண்டியதில்லை. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகினால், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

ஆனால் இந்த நல்ல ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், பரஸ்பர சம்மதத்தால் விவாகரத்துப் பெற வழி திறந்தது. பிரிந்து வாழ்வதற்கோ கொடுமை, சோரம், கைவிடுதல் போன்ற ஏதேனும் ஒரு குற்றத்தையோ குறையையோ மற்றவர்மேல் சுமத்தியே தீரவேண்டுமென்று வைத்துவிட்டது. நாளை திரும்பிச் சேரக்கூடியவர்களை, இன்று சாட்சிக்கூண்டில் ஏறி ஒருவரையொருவர் இழித்துப் பேசச் செய்தபின், எந்தச் சமரச மையம் அவர்களைச் சேர்த்துவைக்கும்? இருவரும் சம்மதித்து விண்ணப்பித்தால், யார்மேலும் பழியின்றிப் பிரிந்து வாழும் தீர்ப்பை வழங்க, பாராளுமன்றம் 10ஆம் பிரிவைத் தாமதமின்றித் திருத்தவேண்டும்.