டெக்னோ மிக்ஸிங்: தாளம் கட்டாயம், சுருதி?

சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். டெக்னோ போடும் டிஜேக்களின் உலகத்தில் அப்பா ரொம்பக் கறார், அம்மா கொஞ்சம் விட்டுக்கொடுப்பவர். இது தெரியாமல், "ரெண்டு டிராக்கும் ஒத்துப்போகும் கீயில் இல்லையென்றால் மிக்ஸ் பண்ணவே கூடாது" என்று சட்டம் பேசுகிறவர்கள் நிறைய. டெக்னோவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

முதலில் தாளம். டெக்னோ டிராக்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 125 முதல் 140 அடி வேகத்தில் ஓடுபவை. 130-ல் ஒன்றும் 132-ல் ஒன்றும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கட்டும். சரியாக 15 நொடியில், ஒன்றின் கிக் மற்றதன் இரண்டு கிக்குகளுக்கு நட்டநடுவில் வந்து விழும். கேட்பதற்குக் குதிரை தறிகெட்டு ஓடுவது போலிருக்கும், ஆடுகிறவர்களின் கால் நின்றுவிடும். இந்தத் தப்புக்கு மன்னிப்பே கிடையாது!

1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு ஸ்லைடர் இருந்தது. தாளப் பிரச்சனை அதில் தீர்ந்தது. ஆனால் இசைத்தட்டில் வேகமும் சுருதியும் ஒட்டிப்பிறந்தவை. வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறிவிடும். 3 சதவீதம் என்றால் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நடுவில் தொங்கும். அதனால் கீயைப் பார்த்து மிக்ஸ் செய்வது அன்றைக்குச் சுலபமான வேலையாக இல்லை.

சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் பிளேயர்களும் மென்பொருள்களும் வந்த பிறகு நிலைமை மாறியது. மார்க் டேவிஸ் உருவாக்கிய கேம்லாட் சக்கரத்தில் ஒவ்வொரு கீக்கும் ஒரு எண். ஏ மைனர் 8ஏ. அதோடு 7ஏ, 9ஏ, 8பி ஆகியவை சேரும். பக்கத்து எண்களுக்கு ஏழில் ஆறு ஸ்வரம் பொது, அதுதான் ரகசியம். 2006-ல் வந்த மிக்ஸ்டு இன் கீ மென்பொருள் பாட்டைக் கேட்டு எண்ணையும் தானே சொல்லிவிட்டது.

மெலடி நிறைந்த டிரான்ஸுக்கும், பாடகர் குரல் வரும் ஹவுஸுக்கும் இது வரப்பிரசாதம். அரை ஸ்வரம் தள்ளியிருக்கும் இரண்டு மெலடிகள் ஒரு நிமிஷம் சேர்ந்து ஒலித்தால் காதைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றும்.

ஆனால் பல டெக்னோ டிராக்குகளில் என்ன இருக்கிறது? கிக், ஹைஹேட், ஒன்றிரண்டு ஸ்வரத்தில் சுற்றும் பேஸ், மீதி இரைச்சல். இதற்கும் மென்பொருள் ஒரு எண் கொடுக்கும். அது வெறும் ஊகம். இரண்டு பேஸும் முட்டிக்கொண்டால் மிக்ஸரில் ஒன்றின் லோ குமிழைக் குறைத்தால் பாதிப் பிரச்சனை போய்விடும். டோக்கியோவின் லிக்விட் ரூமில் ஜெஃப் மில்ஸ் வாசித்து 1996-ல் வெளிவந்த மிக்ஸைக் கேட்டுப் பாருங்கள். இசைத்தட்டுகள் சரசரவென்று மாறுகின்றன, ஆட்டம் அறுவதேயில்லை. அதற்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. 8ஏ, 9ஏ, திரும்ப 8ஏ என்று ராத்திரி முழுக்க நகர்ந்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். திடீரென்று ஒரு டிராக் ஒட்டாமல் உள்ளே நுழையும்போது வருகிற படபடப்பும் டெக்னோவின் ருசிதான். எண் சேரவில்லை என்பதற்காக அருமையான டிராக்கைப் பைக்குள்ளேயே வைத்திருப்பது அநியாயம்.

தாளத்தைச் சேர்க்க சிங்க் பட்டனை அமுக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினாறு அடியை எண்ணி மெஷினும் சேர்க்கலாம், மனுஷனும் சேர்க்கலாம். ஆனால் அடுத்து எது வரவேண்டும் என்ற முடிவையும் ஒரு எண்ணிடம் கொடுத்துவிட்டால் டிஜேக்கு அங்கே என்ன வேலை? ஹெட்போனில் இரண்டையும் சேர்த்து ஒரு தடவை கேட்டால் போதும். காதுக்குச் சரியென்று பட்டால், சக்கரம் என்ன சொன்னாலும் அது சரிதான்.