‘அடிச்சு போயி’: ஆய்வுக்கூடங்களின் எழுவாயில்லா வாக்கியம்

திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அளவீட்டின் நடுவே கருவி நின்றுவிட்டால் முதலில் கேட்கும் மலையாள வாக்கியம் ‘அடிச்சு போயி’. நாகர்கோவிலிலிருந்து வந்து பயிலும் மாணவர் ‘போயிடுச்சு’ என்பார். இருவரும் ‘ஹாங் ஆகிவிட்டது’ என்பதில் உடன்படுவர். மூன்றிலும் எழுவாய் இல்லை. எழுவாயைத் தொக்கவிடுவது திராவிட மொழிகளுக்கு இயல்பானதே; மொழியியலார் அதில் குறைகாண மாட்டார்கள். ஆனால் பழுது தேடும் இடத்தில் அந்தத் தொக்கிய எழுவாய்தான் முழு விஷயமும். போனது கணினியா, கேபிளா, ஒரு கார்டா, வட்டா, நிரலா என்று எவரும் கேட்பதற்குள் ஒரு கை ஸ்விட்சை அணைத்துப் போட்டுவிடுகிறது. எது போனது என்று சொல்லக்கூடிய சான்றும் அந்த நொடியில் போய்விடுகிறது.

மாடுலர் சோதனைக் கருவிகளில் இந்தக் குழப்பம் கூடுதல். ஒரு சேசி, அதில் வரிசையாக ஸ்லாட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் அளவீட்டு கார்டு, பின்புறம் அவற்றை இணைக்கும் பலகை என்பது இவற்றின் அமைப்பு. 1960களின் இறுதியில் அணு இயற்பியல் கூடங்களுக்காக வந்த காமாக், 1987இன் விஎக்ஸ்ஐ, 1997இன் பிஎக்ஸ்ஐ எல்லாம் ஒரே குடும்பம். வேண்டிய கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது இவற்றின் வசதி. கருவி எங்கே முடிகிறது, கணினி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமற்போவது இவற்றின் தொல்லை. வெளிக் கணினியோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் கேபிள் மூலம் இணைந்த பிஎக்ஸ்ஐ சேசி, யுஎஸ்பியில் செருகிய பென் டிரைவ் போன்றதன்று. அது அந்தக் கணினியின் உள்வழித்தடத்தின் நீட்சி. அதிலுள்ள கார்டுகளைக் கணினி தன் உடலுறுப்புகளாகவே எண்ணுகிறது.

ஆகவேதான் சேசியை முதலில் இயக்கிப் பிறகு கணினியை இயக்க வேண்டும். அணைக்கும்போது கணினி முதலில், சேசி பிறகு. வரிசை மாறினால் கார்டுகள் கணினிக்குத் தெரியாமலே போகலாம். இது கையேட்டில் உள்ள செய்தி, பெரும்பாலோர் அறிந்ததும்கூட. அறிந்தவர்களும் தவறவிடுவது மின்சாரத்தை. ஏப்ரல், மே மாதங்களின் கோடையிடியும் ஐப்பசியையொட்டிய துலாவர்ஷ மாலைகளின் இடியும் இந்நகருக்குப் புதியவையல்ல. விளக்கு ஒருமுறை சிமிட்டி மீளும். கணினி யுபிஎஸ்ஸில் இருக்கிறது. சேசியோ சுவரிலுள்ள பிளக்கில். சேசி ஒரு கணம் அணைந்து எழுகிறது. ஓடிக்கொண்டிருந்த கணினியின் பார்வையில் அதன் உறுப்புகள் சில திடீரென மறைகின்றன, அது உறைந்துவிடுகிறது. இடி தாங்கிய கணினியே குற்றவாளி எனத் தீர்ப்பாகி, விண்டோஸ் அழித்து மறுபடி நிறுவப்படுகிறது. நிகழ்வுப் பதிவேடும் அதோடு ஒழிகிறது. அடுத்த இடிமழையில் அதே கதை. இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் கார்டின் முனைகளில் செய்யும் வேலை, தூசியடைத்த விசிறி வடிகட்டி, மூடப்படாத வெற்று ஸ்லாட்டால் திசைமாறும் குளிர்காற்று ஆகியவையும் பட்டியலில் உண்டு. எதுவாயினும் மறுபடி இயக்குமுன் நான்கு செய்திகளைத் தாளில் எழுதலாம்: நேரம், எந்த விளக்குகள் எரிந்தன, விசிறி சுழன்றதா, கடைசியாக இட்ட கட்டளை என்ன. நீலத்திரை வந்தவுடன் தானே மறுதொடக்கம் செய்யும் அமைப்பை நீக்கிவைத்தால் பிழைக்குறி திரையில் நிற்கும். பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்று கண்டவுடன் மின்வழங்கியை மாற்ற ஓடுவோர் உண்டு. கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி எழுந்தது என்பதைத் தவிர அந்த எண் எதையும் சொல்வதில்லை. அதுவும் எழுவாயில்லாத வாக்கியம்தான்.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாள்களில் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்யத் தொடங்கியது. ஏற்கெனவே சேகரித்த தரவு தப்பியது. ஆனால் அன்றன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. இதே கோளாறு தரையிறங்குமுன் சோதனையிலும் தலைகாட்டியிருந்தது. வரவழைக்க முயன்றபோது வரவில்லை. பொறியாளர்கள் பூமியிலிருந்த இரட்டைக் கணினியில், நிகழ்வுத் தடம் பதியும் வசதியை இயக்கி, அதே சூழலை உருவாக்கிக் கோளாறை மறுபடி நிகழச்செய்தனர். வானிலைத் தரவைக் கையாளும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று பூட்டைப் பிடித்து வைத்திருக்க, உயர்ந்த பணி அதற்காகக் காத்துக் கிடந்தது என்று தடம் காட்டியது. ‘கணினி போனது’ என்ற வாக்கியம் அங்கே எழுவாயும் செயப்படுபொருளும் பெற்றது. திருத்தம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது.

கருவி மீண்டாலும் தரவு மீளாத நிலை வேறு. பல அளவீட்டு நிரல்கள் எண்களை நினைவகத்தில் குவித்துவைத்து, இறுதியில் ஒருமுறை வட்டில் எழுதுகின்றன. நாற்பதாம் நிமிடத்தில் முடங்கினால் நாற்பது நிமிடமும் இல்லை. நிமிடத்திற்கொரு கோப்பாக எழுதச் செய்தால் இழப்பு ஒரு நிமிடத்தோடு நிற்கும். நிரலில் இது சில வரி மாற்றம். மின்சுற்றை அளப்பவர் மறுநாளும் அளக்கலாம். ஒலிப்பியல் மாணவர் நிலை அப்படியன்று. அகத்தியமலைச் சரிவின் காணி முதியவர் ஒருவரை மலையிறக்கி அழைத்துவந்து, குரல்வளை அசைவையும் மூச்சழுத்தத்தையும் ஒருசேரப் பதிந்த அமர்வு இழந்தால், அவரை மறுபடி அழைக்க முடியும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. அழைத்தாலும் முதல்முறை போல் அவர் பேசமாட்டார்.

இந்த இழப்பை மாணவர் பெரும்பாலும் மறைக்கிறார். மேற்பார்வையாளரிடம் சொன்னால் கவனக்குறைவு என்ற பெயர் வரும். ஆய்வேட்டில் எழுதினால் தேர்வாளர் முகம் சுளிப்பார். அதனால் அடுத்த ஆண்டு சேரும் மாணவர் அதே சேசியில், அதே பிளக்கில், அதே பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கற்கிறார். இது நடப்பது 1963 நவம்பர் 21 முதல் தும்பாவில் ராக்கெட் ஏவிவரும் நகரில். சந்திரயான்-2இன் ஏவுதல் 2019 ஜூலை 15 அன்று 56 நிமிடங்களே எஞ்சியிருக்கையில் ஏவூர்தியில் கண்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நிறுத்தப்பட்டது. நிறுத்தியது நாடறியச் சொல்லப்பட்டது. ஜூலை 22இல் கலம் பறந்தது. அந்த ஏவுகலன் மரபை வளர்த்த விக்ரம் சாராபாய் மையம் இருக்கும் ஊரின் பல்கலைக்கழகக் கூடங்களில், நின்றுபோன ஓர் அளவீட்டைப் பதிவேட்டில் எழுதி மேற்பார்வையாளர் கையொப்பமிடும் வழக்கத்தைத் தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முடங்கிய அமர்வுகளுக்கென ஒரு பக்கம் ஒதுக்கவும் வேண்டியதில்லை. கருவி வாங்கும் முன்மொழிவில் கார்டுகளுக்கு அடுத்த வரியில் சேசிக்கும் சேர்த்து யுபிஎஸ் என்று எழுதுவதற்கு மட்டும் நிதிக்குழுவின் ஒப்புதல் வேண்டியிருக்கும்.