சாவி யார் கையில்?

தூரத்திலிருக்கும் ஊழியர்கள் ஒரே அறையில் கூடியதுபோல் முகம் பார்த்துப் பேசவும், ஒரே ஏட்டில் பலர் ஒருங்கே எழுதித் திருத்தவும் உதவும் இணையச் சாதனங்கள் கொங்கு நாட்டு வர்த்தகத்திற்கு இன்று நித்தியக் கருவிகளாகிவிட்டன. திருப்பூர் ஏற்றுமதியாளர் ஐரோப்பிய வியாபாரிக்குத் துணி மாதிரியைக் காட்டுவது இவற்றால். கோவைக் கம்பெனியின் உத்தியோகத்தைப் பொள்ளாச்சியிலும் கோபிசெட்டிபாளையத்திலும் வீட்டிலிருந்தே வாலிபர்கள் பார்ப்பதும் இவற்றால். ஆகவே, இவற்றுள் எதைக் கைக்கொள்வது என்பது அற்ப விஷயமன்று.

சௌகரியம் ஒன்றையே நோக்கினால் இவற்றிடையே பேதம் சொற்பமே. ஜூமில் இலவசக் கூட்டம் 40 நிமிஷத்தில் முடிந்துவிடும். கூகிள் மீட்டிலும் மைக்ரோசாப்ட் டீம்ஸிலும் பலர் கூடும் இலவசக் கூட்டத்துக்கு 60 நிமிஷம் உண்டு. மீட், கூகிளின் மின்னஞ்சலோடும் நாட்காட்டியோடும் பிணைந்தது. டீம்ஸ், வேர்ட், எக்ஸெல் ஏடுகளோடு பிணைந்தது. 1996-ல் தோன்றிய நம் ஸோஹோ கம்பெனி கூட்டத்துக்கு மீட்டிங், உரையாடலுக்குக் கிளிக், ஏடுகளுக்கு ஒர்க்டிரைவ் என வரிசையாக அளிக்கிறது. ஜிட்சியோ மூலநிரல் பகிரங்கமானது. எவரும் தம் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம்.

ஆனால், ஒப்பந்தத்தைப் பரிசீலிக்கும் வக்கீல் முதற்பக்கத்து இனிய வாசகங்களில் மயங்குவதில்லை. கடைசிப் பக்கத்து நிபந்தனைகளையே நாடுவான். அம்முறையில் மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, நம் பேச்சை அந்நியர் கேட்கக்கூடுமா? 2020 ஏப்ரலில் இந்திய உள்துறை இலாகா, ஜூம் பத்திரமான சாதனமன்று என எச்சரித்தது. பேசுவோரைத் தவிர எவரும் திறக்கவொண்ணாத முழுப் பூட்டு தன்னிடம் உண்டென்று அக்கம்பெனி சொல்லிவந்தது மெய்யன்று என அமெரிக்க வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டி, அவ்வாண்டு நவம்பரில் சமரசம் செய்துகொண்டது. அவ்வாண்டிலேயே ஜூம் மெய்யான பூட்டை அளித்தது என்பதையும் சொல்வதே நியாயம். எனினும் கூட்டம் நடத்துவோர் தாமே அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சாதனத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? 2025 ஜூலையில், குஜராத்திலுள்ள வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் தன் மின்னஞ்சலையும் டீம்ஸையும் நிறுத்தியது. ருஷியாவின் ரோஸ்நெப்ட்டுக்கு அக்கம்பெனியில் பங்கு உண்டென்பதால் ஐரோப்பிய யூனியன் விதித்த தடையே காரணம். இத்தகைய ஒருதலைத் தடைகளை இந்திய சர்க்கார் ஏற்பதில்லை. ஆயினும் இந்திய மண்ணில் நடக்கும் கம்பெனியின் தபால்பெட்டி அடைபட்டது. அக்கம்பெனி டில்லி ஹைகோர்ட்டை நாடிய பின், மாத முடிவில் சேவை திரும்பிற்று. ஹைகோர்ட் செல்லும் வசதி பீளமேட்டுப் பம்பு தொழிற்சாலைக்காரருக்கு உண்டா?

மூன்றாவது, விலக நேர்ந்தால் நம் தஸ்தாவேஜுகள் நம்முடன் வருமா? 2003-ல் தோன்றி உலகெங்கும் பரவிய ஸ்கைப்பை 850 கோடி டாலருக்கு 2011-ல் வாங்கிய மைக்ரோசாப்டே 2025 மே மாதம் மூடிவிட்டது. உபயோகித்தோர் டீம்ஸுக்கு மாறவோ, தம் பழைய பேச்சுகளை எடுத்துக்கொள்ளவோ இடம் கொடுத்தது உண்மையே. ஆனால் மூடுவதா வேண்டாமா என்று தீர்மானித்தவர் உபயோகித்தோர் அல்லர்.

கோவைச் சிறையில் செக்கிழுத்த சிதம்பரம் பிள்ளை 1906-ல் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியை, எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தே நெருக்கியது. மலிவு கண்டு மகிழ்ந்த பிரயாணிகள் தம் சுதேசிக் கப்பலையே இழந்தார்கள். இன்றைய இலவச நிமிஷங்களுக்கும் ஒரு விலை உண்டு. அது பின்னரே வசூலிக்கப்படும்.

சுதேசி என்ற பெயர் ஒன்றே போதும் என்பது நம் கக்ஷியன்று. ஸோஹோவின் அரட்டைச் செயலியை 2025 செப்டம்பர், அக்டோபரில் ஜனங்கள் திரள்திரளாக ஏற்றபோது, அதன் எழுத்துச் செய்திகளுக்கு முழுப் பூட்டு இல்லை. நம்மவரிடமும் அதே மூன்று கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்க வேண்டும். நம்மவருடன் வழக்காட நம் நியாயஸ்தலமே போதும் என்பது மட்டுமே சுதேசியின் மேன்மை. அம்மேன்மை சிறிதன்று.

தனி வியாபாரி மகா கம்பெனிகளிடம் நிபந்தனை பேச இயலாது, சங்கத்துக்கு இயலும். கொடிசியாவும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் ஒன்றுகூடி, முன்னறிவிப்பின்றி நிறுத்தலாகாது, வழக்கு கோயம்புத்தூரிலேயே நடக்கவேண்டும், ஏடுகளை எவ்வடிவிலும் திருப்பித்தரவேண்டும் என்னும் மூன்று ஷரத்துகளைக் கோரட்டும். அங்கத்தினருக்காக ஜிட்சி சர்வர் ஒன்றைப் பொதுவில் நடத்தட்டும். அதுவரை ஒவ்வொருவரும் மாதந்தோறும் தம் ஏடுகளைப் பிரதியெடுத்துத் தம் பெட்டியில் வைப்பாராக. எந்தச் சாதனத்தையும் உபயோகிக்கலாம். சாவியின் மறுபிரதி மட்டும் நம் இடுப்பில் இருக்கவேண்டும்.